'கேஷ்' நம்ம காசுதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆங்கிலத்தில் நாலே எழுத்து உள்ள சொல் 'கேஷ்'. "இது தமிழ்க் காசிலிருந்து போனது" என்று ஒரு செய்தி பல வருடமாகச் சுற்றிவருகிறது. அதை நம்பி மேடையில் பேசியவர்களும் உண்டு, பொய் என்று ஒரே அடியாகத் தள்ளியவர்களும் உண்டு. உண்மை இரண்டு பக்கத்திலும் முழுதாக இல்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

நேராகச் சொல்லுங்கள். 'கேஷ்' காசிலிருந்து வந்ததா, இல்லையா?

ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. எழுத்தும் ஒன்று, உச்சரிப்பும் ஒன்று, ஆனால் பிறப்பு வேறு. ரொக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ் லத்தீன் வழி வந்தது. இந்தியா, சீனா போன்ற நாடுகளின் சிறு நாணயத்தைக் குறிக்கும் கேஷ் நம் காசிலிருந்து போனது. நல்ல ஆங்கில அகராதிகள் இரண்டையும் தனித்தனிப் பதிவாகவே தருகின்றன.

ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ் எங்கிருந்து வந்தது?

லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி. 'கொள்ளுதல், பிடித்தல்' என்ற பொருளுள்ள 'காபெரே' என்ற வினையிலிருந்து அது பிறந்தது. எதையாவது உள்ளே கொள்வதுதானே பெட்டி! அது இத்தாலிய மொழியில் 'காஸ்ஸா' ஆனது, பிரெஞ்சில் 'கேஸ்' ஆனது. வணிகர்கள் பணம் போட்டு வைத்த பெட்டிக்கும் அதே பெயர்தான். ஆங்கிலத்துக்கு 1590-களில் வந்து சேர்ந்தது.

1598-இல் ஜான் ஃப்ளோரியோ என்பவர் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதியில் 'காஸ்ஸா' என்ற சொல்லுக்கு, பெட்டி என்பதோடு 'வணிகனின் கேஷ்' என்றும் விளக்கம் இருக்கிறது. அங்கே கேஷ் என்பது பணமல்ல, பணம் வைக்கும் பெட்டி. கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கியதே 1600-இல்தான். கம்பெனிக்காரர்கள் நம் கடற்கரைக்கு வருவதற்கு முன்பே லண்டன் வணிகர்களிடம் இந்தச் சொல் புழங்கியது. 'கேஷ் முழுக்க முழுக்கக் காசிலிருந்து வந்தது' என்ற பேச்சு இந்த இடத்தில் நிற்காமல் போகிறது.

பெட்டி எப்படிப் பணம் ஆகும்?

இதைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம். "படம் நல்லா கல்லா கட்டுது" என்று சொல்கிறோமே, கல்லா என்பது என்ன? கடைக்காரர் பணம் போடும் பெட்டி. ஆனால் அந்தப் பேச்சில் கல்லா என்றால் வசூல். "பெட்டி கைமாறிவிட்டது" என்று அரசியல் பேசுபவர் சொன்னால் தகரப் பெட்டியை யாரும் நினைப்பதில்லை. என் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். ராத்திரி கடை சாத்தும்போது "கல்லா எவ்வளவு?" என்றுதான் கேட்பார். பணம் என்ற சொல்லே வராது.

ஆங்கிலத்திலும் இதேதான் நடந்தது. பெட்டி, பெட்டியில் உள்ள பணம் என்ற இரண்டு பொருளும் கொஞ்ச காலம் கூடவே ஓடின. 18-ஆம் நூற்றாண்டில் பெட்டி என்ற பொருள் வழக்கிலிருந்து கழன்றுபோய்ப் பணம் மட்டும் மிஞ்சியது. பிரெஞ்சிலும் இத்தாலியத்திலும் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. பாரிஸ் கடையில் பில் போடும் இடத்துக்குப் பெயர் 'கேஸ்'. ஜெர்மனியில் 'காஸ்ஸே'. ரஷ்யாவில் டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்கு 'காஸ்ஸா'.

அந்தப் பெட்டிக்கு வேறு சொந்தக்காரர்கள் உண்டா?

நிறைய. கண்ணாடியை வைக்கிற 'கேஸ்', மருந்து அடைத்த 'காப்ஸ்யூல்', பாட்டுக் கேட்ட 'கேசட்' மூன்றும் லத்தீன் காப்சாவின் பிள்ளைகள். கேசட் என்றால் குட்டிப் பெட்டி என்றுதான் பொருள். வங்கியில் உட்கார்ந்திருக்கும் 'கேஷியர்' பணப்பெட்டியைப் பார்த்துக்கொள்பவர்.

ராணுவத்தில் அதிகாரியை 'கேஷியர்' செய்தார்கள் என்று படித்தேன். காசாளர் ஆக்கிவிட்டார்களா?

இல்லை, அவமானப்படுத்தி வேலையைப் பறித்துவிட்டார்கள். அது வேறு சொல். பிரெஞ்சில் 'காஸ்ஸே' என்றால் உடைத்தல், செல்லாது என்று ஆக்குதல். அது டச்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து, அகராதியில் காசாளருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

சரி, நம் காசு எங்கே வருகிறது?

1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியதிலிருந்து போர்ச்சுக்கீசியர் தென்னிந்தியச் சந்தைகளில் கொடுக்கல் வாங்கல் செய்ய ஆரம்பித்தார்கள். சின்ன நாணயத்துக்கு இங்கே எல்லோரும் சொன்ன பெயர் காசு. தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு நான்கிலும் அதே சொல். சிங்களத்தில்கூட 'காசி' என்றால் நாணயம். போர்ச்சுக்கீசியர் அதைத் தங்கள் வாய்க்கு ஏற்றபடி 'கைஷா' ஆக்கினார்கள். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் வாங்கியபோது அது 'கேஷ்' ஆனது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. போர்ச்சுக்கீசிய மொழியில் 'கைஷா' என்று ஏற்கெனவே ஒரு சொல் இருந்தது. அதற்குப் பொருள் பெட்டி! அதே லத்தீன் காப்சாவின் பிள்ளை. காசு என்ற புதுச் சொல்லைக் கேட்ட காது, தெரிந்த சொல்லின் உருவத்துக்குள் அதைப் போட்டுவிட்டது. இப்படி லத்தீனிலிருந்து வந்த பெட்டியும் தெற்கிலிருந்து வந்த காசும் லிஸ்பன் மாலுமியின் வாயில் ஒரே ஓசையாகக் கலந்தன. ஆங்கிலத்திலும் அப்படியே ஆனது. இன்றைய குழப்பத்துக்கு வாட்ஸ்ஆப்பை மட்டும் குறை சொல்ல முடியாது, ஐந்நூறு வருடக் கதை இது.

இதற்குக் கையில் பிடித்துப் பார்க்கிற மாதிரி ஆதாரம் உண்டா?

உண்டு, நாணயங்களே ஆதாரம். மைசூர் மன்னர் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்துச் செப்பு நாணயம் ஒன்றில் கன்னடத்தில் 'காசு' என்றும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்றும் ஒரே உலோகத்தில் பொறித்திருக்கிறது. இதைவிடத் தெளிவான மொழிபெயர்ப்பு வேண்டுமா?

தரங்கம்பாடியை 1620 முதல் 1845 வரை வைத்திருந்த டேனிஷ்காரர்கள் தங்கள் நாணயத்தில் 'காஸ்' என்று பொறித்தார்கள். திருவிதாங்கூரில் 16 காசு சேர்ந்தால் ஒரு சக்கரம். அங்கே காசு நாணயம் 1940-கள் வரை அச்சடிக்கப்பட்டது. 1956 வரை கன்னியாகுமரிப் பக்கம் திருவிதாங்கூரோடு இருந்ததால், அந்தப் பக்கத்துப் பெரியவர்கள் வீட்டுப் பழைய பெட்டிகளில் சக்கரமும் காசும் இன்னும் கிடக்கலாம். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அம்மன் காசை இங்கே விட்டுவிட மனமில்லை. ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் 'விஜய' என்ற சொல். நவராத்திரியில் அரிசியோடு சேர்த்துக் கொடுத்த காசு அது.

கம்பெனி காலத்தில் ஒரு காசுக்கு என்ன மதிப்பு?

மிகச் சின்ன மதிப்பு. சென்னையில் கம்பெனி வைத்திருந்த வாய்ப்பாடு இது: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்ற பொன் நாணயம். அதாவது ஒரு வராகனுக்கு 3,360 காசு. ஒரு வராகன் மூன்றரை ரூபாய்க்குச் சமம், ஆகவே ஒரு ரூபாய்க்கு 960 காசு. 1818-இல் சென்னையில் ரூபாயே கணக்குக்கு அடிப்படை ஆனபோது இந்த வாய்ப்பாடு போய்விட்டது.

கவனித்தீர்களா, இங்கே 'பணம்' என்பதும் ஒரு நாணயத்தின் பெயர். 'காசு பணம்' என்று நாம் சேர்த்துச் சொல்வதில் சின்ன நாணயமும் அதைவிடப் பெரிய நாணயமும் இருக்கின்றன. அப்புறம்தான் இரண்டும் பொதுவாகப் பணத்தைக் குறிக்கும் சொற்கள் ஆயின.

கடலில் மூழ்கிய காசுக் கப்பல் என்று ஒன்று உண்டாமே?

உண்டு. இங்கே புழங்க வேண்டிய செப்புக் காசுகளைக் கம்பெனி இங்கிலாந்தில், பர்மிங்காம் அருகே மேத்யூ போல்டனின் சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில் அச்சடித்தது. 1803-இல் ஒரு காசு முதல் இருபது காசு வரை வந்தன. 1808-இல் பத்துக் காசும் இருபது காசும் மறுபடி அச்சடித்து, 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பலில் சென்னைக்கு அனுப்பினார்கள். 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையை விட்டு முழுதாக விலகுவதற்கு முன்பே, புயலில் சிக்கிக் கென்ட் கடலோரத்து குட்வின் மணல் திட்டில் கப்பல் தட்டி உடைந்தது. டன் கணக்கில் காசு மணலுக்குள் போனது.

சுமார் 175 வருடம் கழித்து, 1980-களில், முக்குளிப்பவர்கள் அதை எடுத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்கள். செங்கல்பட்டுச் சந்தையிலோ மயிலாப்பூர்க் கடைத்தெருவிலோ கைமாறியிருக்க வேண்டியவை, ஒரு நாள்கூடப் புழங்காமல், இன்று உலகம் முழுக்க நாணயம் சேர்ப்பவர்களின் கையில் இருக்கின்றன.

சீன நாணயத்துக்கு ஏன் 'கேஷ்' என்று பெயர்?

நடுவில் சதுர ஓட்டை உள்ள வட்டச் செப்பு நாணயத்தைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். உலோகத்தை உருக்கி அச்சில் வார்த்து, ஓட்டையில் சதுரக் கம்பியைச் செருகி, விளிம்பை அராவுவார்கள். கம்பி சதுரமாக இருப்பதால் நாணயம் சுழலாது. பிறகு கயிற்றில் கோத்துச் சரமாகக் கட்டுவார்கள். ஒரு சரத்துக்குக் கணக்கு ஆயிரம் நாணயம். கி.மு. 3-ஆம் நூற்றாண்டின் சின் அரசிலிருந்து 20-ஆம் நூற்றாண்டுத் தொடக்கம் வரை, இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் இந்த வடிவம் நின்றது.

சீனர்கள் அதை 'வென்' என்று எண்ணினார்கள். அவர்கள் மொழியில் கேஷ் என்ற சொல்லே கிடையாது. மலாக்காவிலும் ஜாவாவிலும் சீன நாணயத்தையும் அதைப் பார்த்துச் செய்த ஈய, வெள்ளீய நாணயங்களையும் கண்ட போர்ச்சுக்கீசியர், இந்தியாவில் பழகிய பெயரையே அதற்கும் வைத்தார்கள். ஆங்கிலேயர் பின்தொடர்ந்தார்கள். இன்றும் நாணயவியல் புத்தகம் எதை எடுத்தாலும் சீனக் 'கேஷ்', கொரியக் 'கேஷ்', வியட்நாம் 'கேஷ்' என்றுதான் இருக்கும். அங்கே எழுதியிருப்பது நம் சொல்.

சோழர் கதை ஒன்று இதோடு சேர்ந்துகொள்கிறது. 1077-இல், முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 72 பேர் கொண்ட சோழத் தூதுக்குழு சீனத்தின் சோங் அரசவைக்குப் போனது. அவர்கள் கொண்டுபோன பொருள்களுக்குப் பதிலாக 81,800 சரம் செப்பு நாணயம் கிடைத்ததாகச் சீனப் பதிவு சொல்கிறது. அந்தச் சரங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதும் வரலாற்றாசிரியர்கள் அவற்றை 'கேஷ்' என்கிறார்கள். சோழர் வாங்கிவந்த சீன நாணயத்துக்கு, பல நூறு வருடம் கழித்து ஐரோப்பியர் கையால், தமிழர் வாய்ச்சொல்லே பெயராக அமைந்துவிட்டது.

காசு என்பதே சமஸ்கிருதம் என்கிறார்களே?

சமஸ்கிருதத்தில் 'கர்ஷ' என்பது ஓர் எடையின் பெயர். அதிலிருந்து காசு வந்தது என்பது ஒரு கருத்து. 1886-இல் வந்த 'ஹாப்சன்-ஜாப்சன்' என்ற புகழ்பெற்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி அந்தப் பக்கம் சாய்கிறது. திராவிட மொழிச் சொற்களைத் தொகுத்த அகராதியோ தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு வடிவங்களை ஒரே வேரின் கீழ் வைக்கிறது. அறிஞர்களிடையே இது முடியாத வழக்கு. ஆனால் ஆங்கிலத்துக்குப் போன வடிவம் 'கர்ஷ' அல்ல, 'காசு'. அதில் வழக்கு இல்லை.

சங்க காலத்தில் காசு என்றால் பணமா?

பணம் என்பதைவிட, பொன் நகையில் கோக்கிற வட்டமான காசு அல்லது மணி என்று சொல்வது பொருந்தும். குறுந்தொகை 67-ஆம் பாட்டில் ஒரு காட்சி வரும். கிளி தன் வளைந்த அலகில் பளபளக்கும் வேப்பம்பழத்தை வைத்திருக்கிறது. அதைப் பார்த்தால், புது நூலில் கோப்பதற்காகப் பொற்காசு ஒன்றைக் கூரிய நகத்தால் பிடித்திருப்பது போல இருக்கிறதாம். பிரிந்துபோனவன் அந்தப் பாலை வழியில் என்னை நினைக்க மாட்டானா என்று கேட்கும் பெண்ணின் குரல் அது. காசுமாலை போடுகிற வழக்கத்துக்கு எவ்வளவு வயது என்று பாருங்கள்.

சோழர் காலத்துக்கு வந்தால் காசு நல்ல நாணயம் ஆகிவிட்டது. கல்வெட்டுகளில் 'ஈழக்காசு' வருகிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கோயில் பணத்தைக் கடன் கொடுக்கும்போது ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி, அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டரை.

காசுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. கோவலன் கண்ணகியைக் 'காசறு விரையே' என்று கொஞ்சும்போது, அவளிடம் பணம் இல்லை என்று சொல்லவில்லை, குறையற்ற நறுமணமே என்கிறான்.

வெண்பாவின் கடைசிச் சீரில் வரும் 'காசு'?

நாள், மலர், காசு, பிறப்பு என்று நான்கு வாய்பாடுகளில் ஒன்று அது. 'நேர்பு' என்ற அசைக்கு வைத்த அடையாளப் பெயர், காசு என்ற ஓசைக்காக எடுத்தது. பணத்தோடு தொடர்பில்லை.

போனில் 'கேஷ் கிளியர்' என்று வருகிறதே, அதற்கும் பணத்துக்கும் சம்பந்தம் உண்டா?

பயப்பட வேண்டாம், உங்கள் பணம் எங்கேயும் போகாது. அது காதுக்கு மட்டும்தான் ஒன்று, எழுத்து வேறு. பிரெஞ்சில் 'காஷே' என்றால் ஒளித்துவைத்தல். கனடாவில் தோலுக்காக விலங்குகளைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் உணவையும் சாமானையும் ஒளித்துவைத்த இடத்தைக் 'காஷ்' என்றார்கள். ஆங்கிலத்தில் அது 'கேஷ்' என்று ஒலித்தது. 1960-களின் கடைசியில் ஐபிஎம் நிறுவனம், அடிக்கடி தேவைப்படும் தகவலைக் கணினியின் பிராசசருக்கு அருகிலேயே வைத்துக்கொள்ளும் சின்ன, வேகமான நினைவகத்துக்கு இந்தப் பெயரை வைத்தது. போனில் ஓர் ஆப் தற்காலிகமாகச் சேர்த்துவைக்கும் தகவலுக்கும் இதே பெயர்தான். அதை அழித்தால் ஆப் மறுபடி தகவலை இறக்கிக்கொள்ளும், அவ்வளவுதான். போன மாதம் ஒரு பாட்டி, "கேஷ் கிளியர் பண்ணினா பென்ஷன் பணம் போயிடுமா தம்பி?" என்று கேட்டார். கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி. தமிழில் இதற்கு 'தற்காலிகச் சேமிப்பு' என்று எழுதிவிட்டால் அந்தப் பயமே வராது.

முந்திரிக்கு 'கேஷ்யூ', கம்பளிக்கு 'கேஷ்மியர்'?

இரண்டுக்கும் பணத்தோடு உறவில்லை. முதலாவது பிரேசிலின் துப்பி மொழிச் சொல், அதையும் இங்கே கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்தான். இரண்டாவது காஷ்மீரின் பெயர்.

கேஷ், மணி இரண்டும் ஒன்றுதானே?

பேச்சில் ஒன்றாகலாம், கணக்கில் ஆகாது. கேஷ் என்பது கையில் உள்ளது, உடனே எடுத்துக் கொடுக்கக்கூடியது. அதற்கு நம்மிடம் 'ரொக்கம்' என்ற அருமையான சொல் இருக்கிறது. "ரொக்கமா, கடனா?" என்று கேட்கும் கடைக்காரர் அந்த வேறுபாட்டைத்தான் கேட்கிறார். கேஷ் வினையாகவும் வரும். செக்கைக் கேஷ் பண்ணுவது என்றால் ரொக்கமாக மாற்றுவது. விற்றுப் பணம் பார்ப்பதற்காகவே போடும் பயிரை ஆங்கிலம் 'கேஷ்' பயிர் என்கிறது, நாம் பணப்பயிர் என்கிறோம்.

எப்படியும் நம் சொல் ஒன்று போயிருக்கிறது. முழுதும் நம்முடையது என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்?

நம் வார்த்தைக்கு உள்ள மரியாதை குறையும். ஆங்கிலத்துக்கு நாம் கொடுத்தவை கொஞ்சமல்ல. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், அணைக்கட்டு, குருந்தக் கல் எல்லாமே அங்கே போயிருக்கின்றன. ஒரு பிழையான உரிமையைப் பிடித்துக்கொண்டு வாதாடினால், கேட்பவர் சரியானவற்றையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். 1598 அகராதியை ஒருவர் எடுத்துக் காட்டினால் நம்மிடம் பதில் இல்லை. அதே சமயம் சீன நாணயத்துக்கு ஆங்கிலம் வைத்த பெயர் நம் காசிலிருந்து போனது என்று சொன்னால் அகராதிகளே துணை நிற்கும். அதை விட்டுவிட்டு இதை ஏன் சொல்ல வேண்டும்?

அந்தப் பழைய காசை நேரில் பார்க்க முடியுமா?

சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பெரிய நாணயத் தொகுப்பு இருக்கிறது, போய்ப் பாருங்கள். மூழ்கிய கப்பலின் காசுகள் லட்சக்கணக்கில் கிடைத்ததால் சேகரிப்பவர்களிடம் அவ்வளவு விலை இல்லை. என் மேசையில் ஒன்று இருக்கிறது. உப்புத்தண்ணீர் அரித்துச் சில இடங்களில் தேய்ந்திருக்கிறது. ஒரு பக்கம் கம்பெனியின் சின்னமும் 1808 என்ற ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் இருபது காசு நாலு ஃபலூஸ் (அதுவும் ஒரு செப்பு நாணயம்) என்று மதிப்பு, அதற்குக் கீழே ரோமன் எண்ணில் இருபதும் ஆங்கிலத்தில் 'கேஷ்' என்ற நாலு எழுத்தும். இது இரண்டாவது கேஷ், நம்முடையது.